செல்லக்கண்ணு வீட்டுக் கதவுக் கயிறு

தனித்து வாழும் முதியோரின் இல்லப் பாதுகாப்பு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் ஊட்டியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டில் கைப்பிடியும் கிடையாது. முன்பு இருந்தது. கைப்பிடியின் அவசியத்தை விளக்கும் கண்காட்சிக்காகக் கோயம்புத்தூருக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள், இன்னும் திரும்பி வரவில்லை. மழைக்காலத்தில் படிகளில் பாசி பிடித்துக் கிடக்கும். அதனால் முதியோர் யாரும் அங்கே ஏறி வருவதில்லை. முதியோரிடமிருந்து புகார் ஒன்றும் வரவில்லை என்று வாரியம் வருஷா வருஷம் அறிக்கையில் எழுதிக்கொள்கிறது.

மாவட்ட அலுவலர் நஞ்சப்பனை நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர்க்காரர். மனைவிக்கு அங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை, மகன் வெளிநாட்டில். இவர் மட்டும் ஊட்டி குவார்ட்டர்ஸில் ஒரு ஹீட்டரோடும் காதை மூடும் மங்கிக் குல்லாயோடும் காலம் தள்ளுகிறார். வாரியம் 'நான் நலம்' என்றொரு பொத்தானைக் கொண்டு வந்தது. கழுத்தில் கயிறு போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும், தினமும் காலையில் அமுக்க வேண்டும். அமுக்கினால் ஊட்டி அலுவலகத்துத் திரையில் ஒரு பச்சை விளக்கு எரியும். ஆள் சேர்க்கிற இலக்கு எட்டவில்லை என்று மேலிடம் கடிந்துகொண்டபோது, நஞ்சப்பன் தம் வயதைக் கொஞ்சம் ஏற்றிப் போட்டுத் தம் பெயரையே சேர்த்துவிட்டார். காலையில் குவார்ட்டர்ஸில் பொத்தானை அமுக்குவார். பிறகு அலுவலகத்துக்கு வந்து, மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியபடி திரையைப் பார்த்து, தாம் நலமாக இருப்பதை உறுதி செய்துகொள்வார்.

அப்படியிருக்கையில், மாவட்டத்துக்கு ஒரு மாதிரிப் பாதுகாப்பு வீடு அமைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தகுதிகள் மூன்று. குடியிருப்பவருக்கு எழுபது வயது தாண்டியிருக்க வேண்டும், தனியாக இருக்க வேண்டும், வாசல் வரை ஜீப் போக வேண்டும். முதல் இரண்டும் மலை முழுக்கக் கிடைத்தன. மூன்றாவதில்தான் செல்லக்கண்ணு மாட்டிக்கொண்டார்.

குன்னூருக்குக் கீழே கரடிப்பள்ளம் எஸ்டேட்டின் பழைய லயத்தில் அவர் வீடு. லயம் என்றால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசை. எஸ்டேட் கைமாறிக் கைமாறி, கடைசியில் வீடுகள் குடியிருந்தவர்களுக்கே பட்டாவாகிவிட்டன. செல்லக்கண்ணு கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, இன்னின்ன ஆள் இந்த நாட்டுக்கு என்று பங்கு போட்டுக்கொண்ட காலத்தில், மீசை அரும்பிய வயதில் தலைமன்னாரில் கப்பலேற்றப்பட்டு, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். பேக்டரியில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளி ஓய்வு பெற்றார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் ரஞ்சனி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். கரடிக்கும் காட்டெருமைக்கும் அவர் பயந்தவரில்லை. அவருடைய பயமெல்லாம் ஒன்றுதான். கவர்மென்ட் இன்னொரு தடவை தன்னைத் தூக்கி வேறிடத்தில் வைத்துவிடக் கூடாது.

அடுத்த வீட்டில் பொன்னாயி இருந்தாள். அவளும் அதே கப்பல், அவளும் தனிதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது. கட்டிய வெள்ளைக்காரத் துரை செங்கல்லை மிச்சம் பிடித்ததில், மேலே ஓர் ஆள் நுழைகிற இடைவெளி நின்றுபோனது.

லயத்தில் தனியாக இருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கதவின் உள்தாழ்ப்பாளில் ஒரு கயிறு கட்டி, கதவில் ஓட்டை போட்டு, கயிற்று நுனியை வெளியே விட்டிருப்பார்கள். வெளியிலிருந்து இழுத்தால் தாழ்ப்பாள் தூக்கும், கதவு திறக்கும். படுக்கப் போகும்போது கயிறு வெளியே தொங்கும். காலையில் எழுந்ததும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் நடந்தபடியே கதவுகளைப் பார்த்துக்கொண்டு போவார்கள். கயிறு உள்ளே போயிருந்தால் ஆள் எழுந்தாயிற்று. விடிந்த பிறகும் வெளியே தொங்கினால், யார் பார்க்கிறார்களோ அவர்கள் இழுத்துத் திறந்து உள்ளே போய்விடுவார்கள். போன ஆடி மழையில் செல்லக்கண்ணு காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது, பொன்னாயி கயிற்றைப் பார்த்துத்தான் உள்ளே போனாள். அந்தக் கயிறு இல்லையென்றால் இந்தக் கதையில் அவர் இல்லை.

வாரியத்தின் ஜீப் ஒரு சாரல் நாளில் வந்தது. நஞ்சப்பனோடு, சென்னையிலிருந்து வந்திருந்த ஆலோசகர் ஸ்வேதா இறங்கினாள். கையில் டேப்லெட், காலில் வெள்ளை ஷூ.

"ஏனுங்க பெரியவரே, தனியாவா இருக்கறீங்க?" என்றார் நஞ்சப்பன்.

"பக்கத்துல பொன்னாயி இருக்குங்க தொரை."

"ஊட்டுக்குள்ளயா?"

"இல்லீங்க. சொவத்துக்கு அந்தப் பக்கம்."

"அப்பத் தனியாத்தான்" என்றார் நஞ்சப்பன் திருப்தியாக. ஸ்வேதா டேப்லெட்டில் தட்டிக்கொண்டாள். வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போவதற்காக வெளியே விட்டுச் சாத்தியிருந்த கயிறு அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. தொட்டுப் பார்த்தாள், இழுத்தாள், கதவு திறந்தது. பாம்பைத் தொட்டவள் மாதிரி கையை உதறினாள்.

"சார்! அவுட்சைட்ல இருந்து ஓபன் ஆகுது!"

"யாரு இழுத்தாலும் தொறக்குமுங்களா?" என்று கேட்டார் நஞ்சப்பன். குரல் இறங்கிவிட்டது.

"தெரிஞ்சவங்க இழுத்தா தொறக்கும்ங்க."

"தெரியாதவங்க இழுத்தா?"

செல்லக்கண்ணு யோசித்தார். இதுவரை அப்படி யாரும் கேட்டதில்லை. "அப்பவும் தொறக்கும்ங்க. ஆனா தெரியாதவங்க எதுக்கு என்னையப் பாக்க வாறாங்க?"

நஞ்சப்பன் இஸ்தோப்பில், அதாவது லயத்து வீட்டின் முன்கூடத்தில், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூட்டங்களில் பேசிப் பேசிப் பழகிய குரல் வந்தது. "பெரியவரே, எங்க ஆய்வுப்படி முதியோருக்கு ஆபத்து பெரும்பாலும் தெரிஞ்சவங்களாலதான் வருது. அதனால தெரிஞ்சவங்களைக் கொறைக்கறதுதான் பாதுகாப்போட முதல் படி. தெரிஞ்சவங்களே இல்லாத ஒரு நெலைக்கு உங்களைக் கொண்டு போயிட்டம்னா, நீங்க முழுப் பாதுகாப்பு. எங்க ஆபீஸையே எடுத்துக்குங்க. நாங்க ஒருத்தரையொருத்தர் நம்பறதே இல்லீங்க. இத்தனை வருஷத்துல ஒரு அசம்பாவிதம் உண்டா?"

பொன்னாயி அவள் வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சவங்கன்னா என்னையச் சொல்றாருண்ணே" என்றாள்.

வீட்டுக்கு நூற்றுக்கு ஒன்பது மதிப்பெண் கிடைத்தது. எழுபதுக்குக் கீழே இருந்தால் குடியிருப்பவரைச் சமவெளியில் உள்ள வாரியத்தின் காப்பகத்துக்கு மாற்றிவிடுவார்களாம். "கவலைப்படாதீங்க, ஜீப் நாங்களே அனுப்புவோம்" என்றார் நஞ்சப்பன், ஆறுதலாக.

செல்லக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டார். "என்னா செய்யணுமோ செய்யுங்க தொரை. என்னைய மட்டும் இங்கிருந்து மாத்திப்புடாதீங்க" என்றார். அதில் முதல் வாக்கியத்தை மட்டும் வாரியம் 'பயனாளியின் முழு ஒப்புதல்' என்று பதிவு செய்துகொண்டது. கயிற்றை உருவி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, 'ஆபத்தான கயிறு, ஒன்று' என்று எழுதி அரக்கு வைத்து ஊட்டிக்கு எடுத்துப் போனார்கள். போகும்போது ஸ்வேதா அண்ணாந்து நடுச்சுவரின் இடைவெளியைக் காட்டினாள். நஞ்சப்பனும் பார்த்தார்.

"அது சுவர் தலைப்புல வரும். அடுத்த நிதியாண்டு" என்றார்.

அடுத்த வாரம் இரும்புக் கதவு வந்தது. அதில் கரன்ட் பூட்டு. கட்டைவிரலை வைத்தால் திறக்கும் என்றார்கள். வாழ்நாளெல்லாம் விறகு தள்ளியதில் செல்லக்கண்ணுவின் கட்டைவிரலில் ரேகை தேய்ந்து போயிருந்தது. பூட்டு அவரை யாரென்றே கண்டுகொள்ளவில்லை. கடைசியில் பூட்டுப் பொருத்த வந்தவன் அவருடைய சுண்டுவிரலைப் பதிந்துவிட்டுப் போனான். அவர் தம் வீட்டுக்குள் நுழைய, சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும் போதெல்லாம் பொன்னாயி, "ஒண்ணுக்குப் போக டீச்சர்கிட்ட கேக்குற மாதிரியே இருக்குண்ணே" என்று சிரித்தாள். கரன்ட் போனால் திறப்பதற்கு ஒரு பேட்டரியும் உண்டு. அது விலை உயர்ந்த பொருள் என்பதால் பாதுகாப்பாக ஊட்டி அலுவலகத்தில் வைத்துப் பூட்டப்பட்டிருந்தது.

பிறகு கைப்பிடிகள் வந்தன. கக்கூசில் உட்கார்ந்து எழுந்திருக்கப் பிடித்துக்கொள்கிற எஃகுக் கைப்பிடிகள். ஆனால் லயத்தில் கக்கூஸ் வெளியே, வரிசைக்குப் பின்னால் இருக்கிறது. வாசற்படிக்கு வெளியே வாரியத்துக்கு அதிகாரம் இல்லை. வந்த பொருளைத் திருப்பி அனுப்பினால் கேள்வி வரும் என்று, அத்தனையையும் உள்ளேயே நடுச்சுவரில் கீழிருந்து மேல் வரை அடித்துவிட்டுப் போனார்கள். செல்லக்கண்ணு அதில் கம்பளியும் குடையும் மாட்டி வைத்தார்.

வழுக்காத விரிப்பு வந்தது. அது நிஜமாகவே வழுக்கவில்லை. ஆனால் அதன் விளிம்பு மடங்கி நின்றதில் அவர் மூன்று தடவை தடுக்கினார். பார்வையிட வந்த நஞ்சப்பனிடம் சொன்னபோது அவர் வருத்தப்பட்டார். "வழுக்கி விழறது வேற, தடுக்கி விழறது வேறங்க பெரியவரே. எங்களுக்கு வழுக்கறதுக்குத்தான் நிதி. தடுக்கறதுக்குன்னு ஒரு பிரிவு இருக்குது, அதுக்கு இன்னும் அதிகாரி போடல."

வாரியத்தின் மற்ற பிரிவுகளும் ஒவ்வொன்றாக வந்தன. திருட்டுப் பிரிவு, கதவை எந்தக் காரணம் கொண்டும் எளிதில் திறக்க முடியக்கூடாது என்றது. தீப் பிரிவு, ஒரு தள்ளில் திறக்க வேண்டும் என்றது. இரண்டு பிரிவும் இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசி, கதவு மூடியே இருக்க வேண்டும், ஆனால் திறந்து இருப்பதாகக் கருதப்பட வேண்டும் என்று முடிவெடுத்தன. விலங்குப் பிரிவிலிருந்து வந்தவர், எண்ணெய் வாசனைக்குக் கரடி வரும் என்றார். உண்மைதான், வரும்.

"அப்ப சமைக்கக் கூடாதுங்களா?" என்றார் செல்லக்கண்ணு.

"தாராளமா சமைங்க. வாசனை வரக்கூடாது." அதற்காக ஜன்னலுக்குக் கம்பி போட்டு, கம்பிக்கு மேல் கண்ணாடித் தகடு வைத்து, காற்றுப் புகாமல் பசை பூசினார்கள்.

இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அவர் கழுத்திலும் மாட்டிவிட்டிருந்த 'நான் நலம்' பொத்தான்தான் பாடாய்ப்படுத்தியது. லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே தண்ணித் தொட்டிப் பக்கத்தில், ஜீப் ரோடு வளைகிற மேட்டில்தான் கிடைக்கும். அதனால் தினமும் விடிந்ததும், வீட்டுக்குள் தாம் பாதுகாப்பாக இருப்பதைத் தெரிவிப்பதற்காக, செல்லக்கண்ணு குடையும் தடியுமாகச் சேற்றில் மேடேறிப் போனார். அட்டைக்கடி பட்டு, மழையில் நனைந்து, வளைவில் நின்று பொத்தானை அமுக்குவார். 'நன்றி. நீங்கள் இல்லத்தில் நலமாக உள்ளீர்கள்' என்று ஒரு பெண் குரல் சொல்லும். ஒருநாள் அமுக்காவிட்டால் மதிப்பெண் குறையும், மதிப்பெண் குறைந்தால் ஜீப் வரும். காய்ச்சலோடும் போனார்.

ஒருநாள் இறங்கும்போது வழுக்கி விழுந்தார். கணுக்கால் பிசகி, தேயிலைச் செடிக்குள் கிடந்தவரை, கொழுந்தெடுக்கப் போன பெண்கள் பார்த்துப் பொன்னாயியைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து தூக்கி உட்கார வைத்தாள். வளைவுக்குப் போய் அவருடைய போனிலிருந்து நஞ்சப்பனையும் கூப்பிட்டாள்.

"அண்ணே விழுந்துருச்சுங்கய்யா."

"அய்யோ! ஊட்டுக்குள்ளயா?" நஞ்சப்பன் நிஜமாகவே பதறினார்.

"இல்லீங்க, வளைவுலங்க."

"அப்பாடா" என்றார். "வாசப்படிக்கு உள்ள நடந்தாத்தானுங்க நம்ம கணக்கு. மாதிரி ஊட்ல இதுவரைக்கும் ஒரு விபத்து இல்ல. பெரியவர்கிட்ட சொல்லுங்க, இதே மாதிரி பாத்துக்கச் சொல்லுங்க."

மறுநாள் காலை பொன்னாயி பொத்தானைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடேறினாள். 'நீங்கள் இல்லத்தில் நலமாக உள்ளீர்கள்' என்று குரல் அவளிடமும் சொன்னது. யார் அமுக்கினாலும் அது அப்படித்தான் சொல்லும்.

திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து வாரியத்தின் தலைமை இயக்குநர் சாந்தாமணி அம்மையார் வந்தார். பட்டுச்சேலை, மேலே சால்வை, நிமிர்ந்த நடை. லயத்தின் முன்னால் பந்தல், மைக், ரோஜாப்பூ. விழாவின் பாதுகாப்பைக் கருதி, குடியிருப்பவர் வீட்டுக்கு வெளியே ஒரு கயிற்றுத் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தப்பட்டார்.

அம்மையார் பேசினார். "தனிமை என்பது ஒரு நோய் என்கிறார்கள். நாங்கள் அதை ஒரு வசதியாக மாற்றியிருக்கிறோம். இந்த வீட்டுக்குள் இனி யாரும் வர முடியாது. பக்கத்து வீட்டார் வர முடியாது, உறவினர் வர முடியாது, என் அனுமதி இல்லாமல் நானே வர முடியாது. ஒரு முதியவருக்கு இதைவிட ஒரு சமூகம் என்ன செய்துவிட முடியும்? ஒரு காலத்தில் இவர் கதவில் ஒரு கயிறு தொங்கியது என்று கேள்விப்பட்டேன். வெட்கப்பட்டேன். அந்தக் கயிறு இன்று எங்கள் அலுவலகத்தில் பாதுகாப்பாக இருக்கிறது." கைதட்டல் எழுந்தது. கணுக்காலில் கட்டோடு நின்றிருந்த செல்லக்கண்ணுவும், மதிப்பெண்ணை நினைத்துக்கொண்டு தட்டினார்.

பிறகு செயல்விளக்கம் நடந்தது. அம்மையாரும் நஞ்சப்பனும் ஸ்வேதாவும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. புகை வந்தால் மணி அடிக்கிற கருவியைக் காட்டுவதற்காக ஸ்வேதா ஒரு தட்டு நிறையச் சாம்பிராணியைப் பற்ற வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போனது. மழைக்காலத்தில் குன்னூர்ப் பக்கம் கரன்ட் போவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெளியே கூட்டம் பொறுமையாக நின்றது. புகைமணி அடிக்கவில்லை, அதுவும் கரன்ட்டில் ஓடுவதுதான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து இருமல் கேட்டது. பிறகு கதவைக் குத்தும் சத்தம். கண்ணாடித் தகட்டுக்குப் பின்னால் வெள்ளைப் புகை நிறைந்து, நஞ்சப்பனின் மங்கிக் குல்லாய் ஒரு தடவை தெரிந்து மறைந்தது.

"கதவத் தொறங்க! யாராச்சும் புடிச்சு இழுங்க!" என்று அவர் கத்தினார்.

பொன்னாயி கதவருகே போனாள். வழவழவென்றிருந்த இரும்பை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே கேட்கிற மாதிரி, மரியாதையாகச் சொன்னாள். "எதப் புடிச்சு இழுக்குறதுங்கய்யா? கயித்தத்தான் ஊட்டிக்குக் கொண்டுட்டுப் போயிட்டீங்களே."

செல்லக்கண்ணு தம்மைத் தடுத்து நிறுத்தியிருந்த கயிற்றைத் தாண்டி நொண்டியபடி வந்தார். "தொரை! கைப்பிடியில கால வச்சு ஏறுங்க! நடுச்சொவத்துக்கு மேல வழி இருக்கு. அந்தப் பக்கம் பொன்னாயி வீடுதான்!" என்று கதவோடு வாயை வைத்துக் கத்தினார். பொன்னாயி ஓடிப்போய்த் தன் வீட்டுச் சுவரோரம் கட்டிலை இழுத்துப் போட்டு, மேலே இருந்த மெத்தை தலையணையெல்லாம் அடுக்கினாள்.

முதலில் சுவர் மேல் தெரிந்தது அம்மையாரின் சால்வை. பள்ளி நாட்களில் உயரம் தாண்டுதலில் பரிசு வாங்கியவராம், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே குதியில் இறங்கினார். ஸ்வேதா அழுதபடி இறங்கினாள். நஞ்சப்பன் இடைவெளியில் வயிறு மாட்டி, கொஞ்ச நேரம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கிடந்தார். அரசாங்கப் பொருள்களில் அந்த வீட்டில் உபயோகப்பட்டது கைப்பிடிகள் மட்டும்தான். மூவரும் பொன்னாயி வீட்டு வாசல் வழியாக வெளியே வந்தார்கள். அந்தக் கதவின் ஓட்டையில் ஒரு பழைய கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. பொன்னாயி மூவருக்கும் சாயத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். பால் இல்லாத அந்தத் தேநீரை அம்மையார் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

இதற்குப் பிறகு வாரியம் திட்டத்தைக் கைவிட்டிருக்கும் என்று நினைப்பவர்களுக்கு வாரியத்தைப் பற்றித் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து நஞ்சப்பன் இனிப்போடு வந்தார்.

"அவசரகால வெளியேற்ற ஒத்திகை முழு வெற்றின்னு மேல எழுதிட்டாங்க பெரியவரே. மாதிரி ஊட்டுக்குத் தொண்ணூத்தொம்பது மார்க். மாநிலத்துலயே முதல்!"

செல்லக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப நான் இங்கயே இருக்கலாம்ங்களா?"

நஞ்சப்பன் இனிப்புப் பெட்டியைத் திறந்து மூடினார். "அதுதானுங்க... அந்த ஒரு மார்க் ஏன் போச்சுன்னா, உங்களாலதான். ஊடு முழுசா பாதுகாப்பா இருக்குது. உள்ள ஆள் இருந்தாத்தான் ஏதாச்சும் ஆயிருமோன்னு மேல பயப்படறாங்க. ஊட்டைக் கண்காட்சியா வச்சுக்கறோம். உங்களுக்குக் காப்பகத்துல எடம் போட்டாச்சு. திங்கக்கிழமை ஜீப் வரும்."

செல்லக்கண்ணு இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டார். மண்டபம் முகாமின் வரிசை கண்முன் வந்தது. கழுத்தில் எண் எழுதித் தொங்கவிட்ட அட்டை, அம்மாவின் கையிலிருந்த தகரப் பெட்டி, 'அடுத்தது' என்று கூப்பிட்ட குரல். இப்போதும் கழுத்தில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வாய்விட்டு அழுதார். எழுபது வயதுக்கு மேல் ஒரு ஆண்பிள்ளை அப்படி அழுவதை நஞ்சப்பன் பார்த்ததில்லை. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் இனிப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னாயி அவர் வீட்டுக்குள் போனாள். கைப்பிடியில் தொங்கிய கம்பளியையும் குடையையும் எடுத்தாள். சாமி படத்தை எடுத்தாள். செல்லக்கண்ணுவின் தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, தன் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அய்யா, உங்க திட்டம் தனியா இருக்குறவங்களுக்குத் தானே?"

"ஆமாங்க."

"அண்ணே தனியா இல்லீங்க. எங்கூட இருக்குது."

"ஊட்டுக்குள்ளயா?" என்றார் நஞ்சப்பன்.

"ஊட்டுக்குள்ளதான். சொவத்துக்கு இந்தப் பக்கம்."

செல்லக்கண்ணு மூக்கைச் சிந்தியபடி நிமிர்ந்தார். "லயத்துல என்னா பேசுவாங்க தங்கச்சி?"

"இந்த வயசுல நம்மளப் பத்திப் பேசுனா சந்தோசப்படணும்ண்ணே. வா, உள்ள வந்து ஒக்காரு."

நஞ்சப்பன் தம் சட்டத்தை மனதுக்குள் மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போனது. அந்த வருத்தத்தில் பொய் இல்லை. "அப்ப நீங்க ரெண்டு பேருமே தனியா இல்லீங்களே! உங்களுக்கு இனி வாரியத்தால ஒண்ணுமே செய்ய முடியாதுங்களே!"

"அது போதுங்க தொரை" என்றார் செல்லக்கண்ணு. கழுத்திலிருந்த பொத்தானைக் கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. மாதிரி வீட்டின் முன்னால் பெயர்ப்பலகை மட்டும் நின்றது. பக்கத்து வீட்டில் பொன்னாயி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகளோடு பேசுவதற்காக வளைவுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்த செல்லக்கண்ணு காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். 'நல்ல வேலை செஞ்சீங்கப்பா' என்று ரஞ்சனி சொல்லியிருந்தாள்.

ஜீப் வந்தது. நஞ்சப்பன் மட்டும், தாமே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் அந்த அரக்கு வைத்த பிளாஸ்டிக் கவர்.

"பயனாளி திட்டத்துல இருந்து நீங்குனதால, பறிமுதல் செஞ்ச பொருளைத் திருப்பித் தரணுமுங்க" என்று நீட்டினார். கொடுத்த பிறகும் போகவில்லை. பொன்னாயி போட்டுத் தந்த சாயத்தண்ணியை மெதுவாகக் குடித்தார். அவள் கதவில் இருந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்தார். கழுத்தில் அவருடைய சொந்தப் பொத்தான் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க பெரியவரே... இந்தக் கயித்த எப்பிடிக் கட்டறதுங்க? குவார்ட்டர்ஸ் கதவும் மரந்தான். போன வாரம் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு அடைக்கற மாதிரி இருந்துச்சு. அடுத்த நாள் தானாச் சரியாயிருச்சு. சும்மா கேக்கறேன்."

செல்லக்கண்ணு கயிற்றைப் பிரித்து, முடிச்சுப் போடுகிற விதத்தைக் காட்டினார். நஞ்சப்பன் இரண்டு தடவை போட்டுப் பழகினார். வந்துவிட்டது.

"கயிறு கட்டுறது லேசுங்கய்யா" என்றாள் பொன்னாயி, கீரையிலிருந்து கண்ணெடுக்காமல். "காலையில பாத்து இழுக்க அங்க ஆரு இருக்கா?"

நஞ்சப்பன் யோசித்தார். "எதுத்த குவார்ட்டர்ஸ் பூட்டிக் கெடக்குதுங்க. வாட்ச்மேன் இருக்கான், ஆனா ஏஜென்சி ஆளு, மாசத்துக்கு ஒருத்தன் மாறுவான்." இன்னும் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "பாக்கணுமுங்க" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

ஜீப் மேடேறிப் போனது. தண்ணித் தொட்டிப் பக்கத்து வளைவில் நின்றது. வெகுநேரம் நகரவில்லை.

"வண்டி கெட்டுப் போச்சாண்ணே?" என்றாள் பொன்னாயி.

செல்லக்கண்ணு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"இல்ல தங்கச்சி. சிக்னல் அங்கதான கெடைக்கும். 'நான் நலம்' அமுக்குறாரு."